பிள்ளைக்குத் தைக்கிறீர்களா? துணியைத் திருப்பிப் பாருங்கள்

பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று தைத்து முடித்த குட்டிக் கையுறை ஒன்றை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்திருக்கும். உள்ளே வெட்டிய ஓரத்தில் நாலைந்து பிசிறு, தையல் முடிந்த இடத்தில் நறுக்காமல் விட்ட ஒரு நீள நூல். பெரியவர்கள் சட்டையில் அப்படி ஒரு நூல் தொங்கினால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. பச்சைப்பிள்ளை விரலை ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த நூல் விரலைச் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் வீங்கும், வீங்க வீங்க நூல் இன்னும் இறுகும். உறை மூடியிருப்பதால் யார் கண்ணிலும் படாது. பிள்ளை ஏன் அழுகிறது, பசியா, வயிற்றுவலியா என்று எல்லாம் யோசித்த பிறகுதான் உறையைக் கழற்றிப் பார்ப்பார்கள். தாயின் உதிர்ந்த தலைமுடி கால்விரலில் சுற்றியும் இதே விபத்து நடப்பதுண்டு. குழந்தை மருத்துவர்களுக்கு இது பழகிய சங்கதி.

வயிற்றில் பிள்ளையோடு தைக்க உட்காரும் நாம் செய்கிற தவறுகளில் பாதி இந்த ரகம்தான். நாம் அழகுபடுத்துவது முன்பக்கத்தை. பிள்ளையின் தோலில் உரசுவது பின்பக்கம்.

தப்பிக்க வழி எளிது. துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து ஒரு தையல் அடியுங்கள். ஓரத்தை ஒட்ட நறுக்கி, திருப்பி, மறுபடி ஒரு தையல். வெட்டிய விளிம்பு இரண்டு தையலுக்கும் நடுவே அடைபட்டுவிடும், பிசிறுக்கு வழியே இல்லை. சட்டையின் நெஞ்சில் பூவேலை செய்தால் பின்னால் முடிச்சும், துணி சுருங்காதிருக்க அடியில் வைக்கும் தாங்குதுணியின் முரட்டு ஓரமும் நிற்கும். அதன்மேல் ஒரு மெல்லிய பருத்தித் துண்டை வைத்து மூடித் தைத்துவிடுங்கள். கையுறையைப் பொறுத்தவரை என் கட்சி வேறு: அதைத் தைக்கவே வேண்டாம், நகத்தை வெட்டிவிட்டால் போதும். இதை ஒத்துக்கொள்ளாத தோழிகள் எனக்கு நிறைய உண்டு.

துண்டுத்துணிப் போர்வை

முதல் பிள்ளைக்கென்றதும் எல்லோருக்கும் வரும் ஆசை, சின்னச் சின்னச் சதுரம் கோத்து ஒரு குவில்ட். வரும் தவறுகளும் இதில்தான் அதிகம்.

பெரிய தவறு தையலில் இல்லை, அதை எங்கே விரிப்பது என்பதில் இருக்கிறது. தூங்கும் தொட்டிலில் தளர்வான போர்வை, குவில்ட், தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் முதல் 12 மாதம் கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அதையே திரும்பச் சொன்னது. முகத்தில் மூடிக்கொண்டால் ஒதுக்கித் தள்ளப் பிள்ளைக்குத் தெரியாது. தொட்டிலின் உள்சுவரைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தைகளும் அதே கணக்குதான், அவற்றின் விற்பனையையே அமெரிக்கா அதே ஆண்டு சட்டம் போட்டுத் தடை செய்தது. அப்படியானால் குவில்ட் எதற்கு? தரையில் விரித்துப் பிள்ளையைக் குப்புறப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு விளையாடவிட. முதலிலேயே இப்படி முடிவு செய்துவிட்டால் தைக்கும் விதமும் மாறும்: மேலே போர்த்தும் மென்மையைவிட, கீழே கிடந்து வாரத்துக்கு இரண்டு சலவையைத் தாங்குவது முக்கியமாகிவிடும்.

அளவில் பேராசை வேண்டாம். 36 இன்ச் சதுரம் தாராளம். அதற்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. குவில்ட்டுக்கு வரும் பருத்தித் துணி பெரும்பாலும் 42 முதல் 44 இன்ச் அகலம். பின்பக்கத் துணி ஒவ்வொரு பக்கமும் 3 இன்ச் கூடுதலாக இருக்க வேண்டுமென்றால் 42 இன்ச் ஆகிறது, ஒட்டுப்போடாமல் ஒரே அகலத்தில் முடிந்துவிடும். மேல்பக்கத்தை 40 இன்ச்சுக்குக் கொண்டுபோனால் பின்னால் ஒரு ஒட்டுத் தையல் போட்டே ஆகவேண்டும்.

துணியில் பாதியை அலசி, பாதியை அலசாமல் வெட்டுவது அடுத்தது. பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், ஃபிளானல் இன்னும் அதிகம். எல்லாமே அலசாமல் இருந்தால் எல்லாம் ஒன்றாகச் சுருங்கி மெல்லிய சுருக்கத்தோடு அழகாகவே இருக்கும். கலந்துவிட்டால் ஒன்று இழுக்கும், ஒன்று உப்பும். பிள்ளைக்கு என்று வரும்போது எல்லாவற்றையும் அலசிவிடுவதே என் வழக்கம், புதுத்துணியின் கஞ்சியும் ரசாயனமும் போகட்டும் என்று. கூடவே சாயமும் தெரிந்துவிடும். ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நான் அந்த இரண்டு நிமிஷத்தைச் சோம்பேறித்தனத்தில் விட்டேன். வெள்ளைச் சதுரங்கள் அத்தனையும் முதல் சலவையில் ரோஜா நிறமாகிவிட்டன. பார்த்தவர்கள் நல்ல கலர் என்றார்கள், நானும் திருத்தவில்லை.

தையலுக்கு விடும் துணி கால் இன்ச். "கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன?" என்று தோன்றும். ஒரு வரிசையில் 9 சதுரம், அப்படியென்றால் 8 தையல். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் 1/16 இன்ச் கூடப் பிடித்தால் வரிசை ஒரு முழு இன்ச் குறைந்துவிடும். அடுத்த வரிசையை வேறொரு நாள், வேறு மனநிலையில் சரியாகப் பிடித்தால் இரண்டும் சேராது. இழுத்துப் பிடித்துச் சேர்த்தால் போர்வை தரையில் படியாமல் அலை அலையாக நிற்கும். மெஷினின் தட்டில் ஊசியிலிருந்து கால் இன்ச் தள்ளி ஒரு டேப்பை ஒட்டி வையுங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கின் பாக்கெட்டில், தையல் கோடுகளுக்கிடையே அதிகபட்சம் எத்தனை இன்ச் விடலாம் என்று போட்டிருக்கும். 4 என்றும் இருக்கலாம், 10 என்றும் இருக்கலாம். அதைப் படிக்காமல் மூலைக்கு ஒன்றாக நாலு கோடு அடித்து நிறுத்தினால், மூன்றாம் சலவையில் பஞ்சு உருண்டை உருண்டையாக ஒரு மூலையில் ஒதுங்கும்.

குறிபோடும் பேனாவில் ஏமாறாதவர்கள் குறைவு. தண்ணீரில் போகும் நீல மையை அலசுவதற்கு முன் இஸ்திரி போட்டால் சூட்டில் நிலைத்துவிடக்கூடும். சூட்டில் மறையும் மையோ கடுங்குளிரில் திரும்பி வரும். இஸ்திரி போட்டு மறைத்து அனுப்பிய பூ வரைபடம், பார்சல் உறைகுளிரில் பயணம் செய்து போய்ச் சேரும்போது மறுபடி முளைத்திருக்கலாம். சுண்ணக் குச்சி போதும்.

மேல்துணி, பஞ்சு, பின்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கத் தெளிக்கும் பசையை இந்த மாதங்களில் தவிர்த்துவிடுங்கள், அதன் ஆவியை மூச்சில் இழுக்க வேண்டியதில்லை. ஊக்கு போடலாம், அல்லது பெரிய பெரிய ஓட்டுத் தையல். குண்டூசி போட்டால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். ஒருமுறை 50 எடுத்தேன், 49 திரும்பியது. இரண்டு நாள் தேடினேன். ஐம்பதாவது, விளிம்பு மடித்த மூலைக்குள் சமர்த்தாகப் படுத்திருந்தது. காந்தத்தை மெதுவாக மேலே ஓட்டியபோதுதான் அகப்பட்டது. ஊசி முறிந்தாலும் அப்படியே, எல்லாத் துண்டும் சேர்ந்து முழு ஊசியாகும்வரை தேடல் நிற்கக்கூடாது.

சட்டையும் மற்றதும்

பிறந்த பிள்ளையின் நீளம் சுமார் 50 செ.மீ., தலைச் சுற்றளவு 34, 35 செ.மீ. உடம்பில் கால்வாசி தலைதான். பெரியவர்கள் சட்டையைச் சுருக்கி வரைந்தால் கழுத்து தலையில் இறங்காது. இழுபடாத துணியென்றால் தோளில் திறப்பு வைத்தே தீரவேண்டும். பிறந்த அளவில் அரை டஜன் தைப்பதும் வீண், சில வாரத்தில் பத்தாமல் போய்விடும். ஆறு மாத அளவில் தைத்தால் பிறக்கும் மாதத்தோடு ஆறைக் கூட்டி, அப்போது என்ன பருவம் என்று பாருங்கள். கோடையில் பிறக்கும் பிள்ளைக்குக் கோடைச் சட்டையை ஆறு மாத அளவில் தைத்து வைத்தால், அது பொருந்தும் நாளில் வெளியே குளிராக இருக்கும்.

பொத்தான், மணி, முத்து, பொம்மைக்கு ஒட்டும் கண் எதுவும் மூன்று வயதுக்குள் வேண்டாம். அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு சிறு குழாய்க்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியதாகக் கணக்கு. நாம் தைக்கும் பொத்தான் ஏறக்குறைய எல்லாமே அதில் விழும். கண்ணை நூலால் தைத்துவிடுங்கள், பொம்மை இன்னும் லட்சணமாகவே இருக்கும். சூப்பானைச் சட்டையோடு கோக்கும் பட்டைக்கு ஐரோப்பியத் தரநிர்ணயம் விதிக்கும் நீளம் அதிகபட்சம் 22 செ.மீ. கழுத்தைச் சுற்றி வரக்கூடாது என்பதுதான் காரணம். எச்சில் துணியின் கழுத்திலும் நாடா முடிச்சு வேண்டாம், இழுத்தால் திறந்துகொள்ளும் பிரஸ் பட்டனை உறுதியாக அடியுங்கள், தூங்கப் போடுமுன் கழற்றிவிடுங்கள்.

தைப்பவளின் உடம்பு

தரையில் துணி விரித்து முட்டி போட்டு வெட்டுவது ஐந்தாம் மாதத்தில் முடிகிறது, எட்டாம் மாதத்தில் முடியாது. நான் அப்படி உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்க ஆள் வரும்வரை போர்வைக்கு நடுவிலேயே காத்திருந்தேன். மேஜையில் வெட்டுங்கள், இஸ்திரியை உட்கார்ந்து போடுங்கள். அரை மணிக்கொருமுறை எழுந்து நடந்தால் கால் வீக்கமும் குறையும். கர்ப்பத்தில் உடம்பில் நீர் கோத்து மணிக்கட்டு நரம்பை அழுத்துவது சகஜம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போகும், கத்தரி பிடித்தால் கூடும். அதைத் தையல் களைப்பு என்று ஒதுக்கிவிட்டு ராத்திரியெல்லாம் வெட்டாதீர்கள், அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"கடைசி மாதம் லீவில் முடித்துக்கொள்ளலாம்" என்பதுதான் எல்லோரும் போடும் தப்புக் கணக்கு. குறித்த தேதியிலேயே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 34-ஆவது வாரத்தில் கடைசித் தையல் விழும்படி திட்டம் போடுங்கள்.

பரிமாறிக்கொள்ளும்போது

ஒரே சமயத்தில் பிரசவம் எதிர்பார்க்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் தைத்து அனுப்பிக்கொள்வது இனிமையான பழக்கம். மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அளவு பேசாததால். ஒருத்தி இரண்டு மாதம் உட்கார்ந்து குவில்ட் அனுப்புவாள், பதிலுக்கு இரண்டு எச்சில் துணி வரும். யார் மேலும் குற்றமில்லை, முதலிலேயே "மூன்று பொருள், அதில் ஒன்று தைத்தது" என்று பேசியிருக்க வேண்டும்.

சதுரம் மாற்றிக்கொள்வதென்றால் 9 பேர் சேர்வது வசதி. ஆளுக்கு 12 இன்ச் சதுரமாக 9 தைத்து, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. மூன்று மூன்றாகக் கோத்தால் சரியாக 36 இன்ச். இங்கேதான் ஒவ்வொருவர் கால் இன்ச்சும் ஒவ்வொரு அளவு என்பது வெளிச்சத்துக்கு வரும். தையலுக்கு விட்டதையும் சேர்த்து 12½ இன்ச்சுக்குச் சற்றுப் பெரிதாகத் தைத்து, விளிம்பை வெட்டாமல் அனுப்பச் சொல்லுங்கள், பெறுகிறவள் ஒரே ஸ்கேலால் எல்லாவற்றையும் வெட்டிக்கொள்ளட்டும். பின்னணி நிறத்துக்கு மட்டும் ஒரே துணியைப் பங்கு போட்டுக்கொண்டால், ஒன்பது கை தைத்தது என்பது கண்ணை உறுத்தாது.

கேட்காமல் விடும் கேள்விகளும் உண்டு. வீட்டில் பூனை நாய் உண்டா, யாராவது புகைக்கிறார்களா, கம்பளி ஒத்துக்கொள்ளுமா. வாசனைப் பொடியில் அலசி மணக்க மணக்க அனுப்புவது அன்புதான், கர்ப்பத்தில் அந்த வாசனையே குமட்டும். என்ன துணி, அலசியதா, எப்படித் துவைப்பது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் முன்கூட்டியே பூவேலையில் போட்டுவிடாதீர்கள். ஒரு மூலையைக் காலியாக விட்டு, அதே நிறத்தில் கொஞ்சம் நூலும் சேர்த்து அனுப்பினால் அவளே போட்டுக்கொள்வாள்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுப் பேசாதது. எல்லாக் கர்ப்பமும் பிள்ளையில் முடிவதில்லை. உங்களோடு பரிமாறிக்கொள்ள ஜோடி சேர்ந்தவள் திடீரென்று பதில் போடாமல் போனால், "என் பார்சல் எங்கே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். குழுவை நடத்துகிறவர் தனியாக, ஒரே ஒரு முறை விசாரித்தால் போதும். செய்தி அதுவாக இருந்தால் உங்களுக்கு வரவேண்டியதை வேறு ஒருத்தி தைத்துத் தரட்டும். அவளுக்கென்று நீங்கள் தைத்ததை, அவளாகக் கேட்கும்வரை அனுப்பவும் வேண்டாம், வேறு பிள்ளைக்குக் கொடுக்கவும் வேண்டாம், மடித்து உங்கள் அலமாரியிலேயே வைத்திருங்கள்.