ஹேர்னியா ஒப்பரேஷனில் மெஷ் வைத்த பிறகு, காயத்தில் கிருமி பிடித்திருக்கா என்று வீட்டில் பார்ப்பது எப்படி?

அப்பாவுக்குக் கவட்டுப் பக்க ஹேர்னியா. மட்டக்களப்பில் ஒப்பரேஷன் செய்து மெஷ் (பலவீனமான இடத்தைத் தாங்க உள்ளே வைக்கிற வலை) வைத்தார்கள். டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு காயத்தைப் பார்த்தது நான்தான். மெஷ் என்றால் என்ன, எதற்கு வைக்கிறார்கள் என்பதெல்லாம் வாட்டிலேயே சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன். எப்போது பயப்படாமல் இருக்கலாம், எப்போது டொக்டரிடம் ஓட வேண்டும், இதுதான் இங்கே விஷயம்.

1. தேவையானவை: டிஜிட்டல் தேர்மோமீட்டர், மார்க்கர் பேனை, கொப்பி, போன். பாதரசக் கண்ணாடி தேர்மோமீட்டர் வேண்டாம். வயதானவர்களுக்கு வாசிக்கக் கஷ்டம், உடைந்தால் இன்னொரு தொல்லை. போல்பொயின்ட் பேனையும் சரிவராது. எங்கட வெயிலுக்கு ஒரு மணித்தியாலத்தில் வியர்வையோடு போய்விடும்.

2. காலையும் பின்னேரமும் காய்ச்சல் பாருங்கள். பனடோல் கொடுக்கிறதுக்கு முதல் பார்க்க வேண்டும், பிறகு பார்த்தால் மருந்து காய்ச்சலை மறைத்துவிடும். முதல் இரண்டு நாள் உடம்பு லேசாகச் சுடலாம். அதற்குப் பிறகு புதிதாக 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரன்ஹைட், அல்லது அதற்கு மேல் வந்தால் காட்ட வேண்டும்.

3. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுக் காயத்தைப் பாருங்கள். மருந்துக்கட்டை எப்போது எடுப்பது என்பதில் வாட்டில் சொன்னதுதான் கணக்கு. "சிவந்திருக்கா பாருங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கட நிறத்துக்குச் சிவப்பு லேசில் தெரியாது. தோல் பளபளவென்று இறுகியிருக்கா, சுற்றியிருக்கிற இடம் கருஞ்சிவப்பாக மாறியிருக்கா என்று பாருங்கள். புறங்கையை முதலில் மற்றப் பக்கத்துக் கவட்டிலும் பிறகு காயத்துக்கு அருகிலும் வைத்தால் சூட்டு வித்தியாசம் தெரியும். நிறம் மாறின இடத்தின் ஓரத்தை மார்க்கரால் கோடு போட்டு, ஒரு படமும் எடுத்துவையுங்கள். அடுத்த நாள் கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

விதைப்பை நீலமாகக் கறுத்துப்போனால் வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். ஒப்பரேஷன் செய்த இடத்து இரத்தம் கீழே இறங்கினால் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக மறையும். ஆனால் விதையே வீங்கிக் கல்லுப்போல இறுகி, தாங்க முடியாமல் நொந்தால் அது வேறு, உடனே ஆஸ்பத்திரி.

4. வீக்கம். இதில்தான் எனக்குக் கனநேரம் போனது. ஒரு கிழமை அளவில் அப்பாவுக்கு ஹேர்னியா இருந்த அதே இடத்தில் மறுபடி புடைத்தது. "திரும்ப வந்திட்டுது" என்று அம்மா அழத் தொடங்கிவிட்டா. படுக்க வைத்து, கையை மெதுவாக வைத்து, இருமச் சொன்னேன். வீக்கம் கூடவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. சூடு இல்லை, காய்ச்சல் இல்லை, நோவும் பெரிதாக இல்லை. கிளினிக்கில் காட்டினபோது, ஹேர்னியா இருந்த வெற்றிடத்தில் நீர் சேர்ந்திருக்கு, தானாக வற்றும் என்றார்கள். பல கிழமை எடுத்தது, ஆனால் வற்றியது.

இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போனால் ஹேர்னியா திரும்பியிருக்கலாம். சுட்டு, நொந்து, நாளுக்கு நாள் பெருத்தால் கிருமி. பிரித்தறிய முடியாவிட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். நீர் வீக்கத்தை ஊசியால் எடுத்துவிடச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். அந்த ஊசி வழியாகவே கிருமி மெஷ்ஷுக்குப் போகலாம்.

மெஷ்ஷில் பிடித்த கிருமி சும்மா போகாது. அதன்மேல் படலம் கட்டி இருந்துவிடும், மருந்து உள்ளே சேராது. சிலருக்கு மெஷ்ஷையே வெட்டி எடுக்க வேண்டி வரும். அதனால்தான் பாமசியில் கேட்டு அரைகுறையாக அன்டிபயோடிக் வாங்கிக் கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வெளியில் அடங்கினமாதிரி இருக்கும், உள்ளே இருக்கும்.

5. இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம்: வயிறு ஊதி, சத்தி எடுத்து, காற்றும் பிரியாமல் இருப்பது; சலம் போகாமல் அடிவயிறு முட்டுவது; ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவது; மூச்சு முட்டுவது. 1990 அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

பின்சேர்க்கை: கல்முனையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். வாப்பாவுக்குச் சீனி வருத்தம், காய்ச்சல் இல்லை, காயத்தில் மட்டும் கசிவு. முதல் நாட்களில் தெளிவாகவோ இளஞ்சிவப்பாகவோ கொஞ்சம் கசியலாம். கலங்கி, மஞ்சளாக, கெட்ட மணம் அடித்தால் அது சீழ். சீனி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் காய்ச்சலே இல்லாமல் கிருமி பிடிக்கும். தேர்மோமீட்டரை மட்டும் நம்பி இருக்காதீர்கள் தங்கச்சி, காட்டுங்கள்.

மஞ்சள் பூசலாமா என்று இன்னும் சிலர் கேட்டிருந்தார்கள். மஞ்சளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். காயம் மூடும்வரை வாவியிலும் குளத்திலும் இறங்க வேண்டாம். சாரத்தின் முடிச்சைக் காயத்தில் உரசாதபடி தள்ளிக் கட்டுங்கள்.

இன்னொன்று. மெஷ்ஷில் கிருமி மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம். ஆறின தழும்பில் சின்னத் துவாரம் விழுந்து நீர் வந்தால், எவ்வளவு காலம் போயிருந்தாலும் காட்ட வேண்டும். நோவு மூன்று மாதம் தாண்டியும் நின்றாலும் சொல்லுங்கள், நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். டிக்கட் வெட்டும்போது தருகிற டயக்னோசிஸ் காட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு அடையாள அட்டையோடு வையுங்கள். அப்போது பார்க்கிற டொக்டர் வேறு ஆளாக இருப்பார், உள்ளே மெஷ் இருக்கு என்று அவருக்குத் தெரிய வேண்டும்.