முன் டிஸ்க் பிரேக்குக்கு ஸ்டீல் பிரெய்டட் லைன் மாற்றும் முறை

பைக்கோடு வரும் ரப்பர் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) வருடங்கள் ஆக ஆகத் தளர்ந்துவிடும். லிவரை அழுத்தினால் விசையில் ஒரு பங்கு ஹோஸை உப்ப வைப்பதிலேயே போய்விடுவதால் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கும். பிரெய்டட் லைனில் உள்ளே டெஃப்லான் குழாய், அதன்மேல் துருப்பிடிக்காத கம்பிப் பின்னல். அது அவ்வளவாக உப்பாது. எவ்வளவு பிடிக்கிறோம் என்பது விரலிலேயே தெரியும். ஆனால் தேய்ந்த பேடையும் (டிஸ்க்கைக் கவ்வும் பட்டை) கறுத்த ஆயிலையும் அப்படியே விட்டுவிட்டு லைனை மட்டும் மாற்றுவது வீண் செலவு. முதலில் அவற்றைப் பாருங்கள்.

இங்கே சொல்வது ஒற்றை டிஸ்க், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டிக்கு. ஏபிஎஸ் வண்டியில் லைன்கள் மாடுலேட்டர் (பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வழியாகப் போகும். அதற்குள் காற்று புகுந்தால் பல மாடல்களில் ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு இணைக்கும் கருவி) இல்லாமல் முழுதாக எடுக்க முடியாது. முதல்முறை செய்பவர் அதில் கைவைக்க வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

உங்கள் மாடலுக்கான லைன், புது காப்பர் அல்லது அலுமினிய வாஷர் 4, சீல் பிரிக்காத டாட் 4 பிரேக் ஆயில் 250 மில்லி, காலிப்பரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளில் இறுக்கமாக உட்காரும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய் (காலிப்பர் என்பது பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), பெரிய சிரிஞ்ச், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்). பேன்ஜோ போல்ட்டுக்கு (லைனின் வளைய முனையான பேன்ஜோவைப் பிடிக்கும் போல்ட்) பெரும்பாலும் 12 எம்எம், நிப்பிளுக்கு 8 எம்எம் ரிங் ஸ்பேனர் சரியாக இருக்கும். டாட் 5 என்று போட்ட ஆயிலை வாங்காதீர்கள். அது சிலிக்கான் வகை, டாட் 4-உடன் சேராது.

கடையில் அதிகம் தவறுவது போல்ட் மரையில்தான். 10 எம்எம் போல்ட்டிலேயே 1.0, 1.25 என இரண்டு பிட்ச் (மரைகளுக்கு இடையே உள்ள தூரம், எம்எம் கணக்கில்) உண்டு. தவறான பிட்ச்சை ஸ்பேனர் போட்டுத் திருகினால் காலிப்பரின் அலுமினிய மரை போய்விடும். பழைய போல்ட்டோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். கையாலேயே பல சுற்று சுலபமாக ஏற வேண்டும்.

கழற்றுவது

பழைய ஹோஸ் போகும் பாதையையும் இரு முனைகளின் கோணத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கையும் மட்கார்டையும் ஈரத்துணியால் மூடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும், பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். டிஸ்க்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது.

லிவர் அருகே உள்ள மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பா மூடியைத் திறந்து சிரிஞ்சால் ஆயிலை உறிஞ்சுங்கள். பிறகு கீழ் பேன்ஜோ போல்ட், அடுத்து மேலே உள்ளது. கீழே ஒரு டப்பா இருக்கட்டும். பழைய வாஷர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் புது வாஷரை மேலே வைத்தால் கசியும்.

மாட்டுவது

ஒவ்வொரு முனையிலும் போல்ட், வாஷர், பேன்ஜோ, வாஷர் என்ற வரிசை. இரண்டு முனையையும் கையால் மட்டும் இறுக்கிவிட்டு ஹேண்டில் பாரை இடது வலது முழுக்கத் திருப்புங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஃபோர்க் முழுதாக நீளும்போதும் லைன் விறைக்கக் கூடாது. டயரைத் தொடக் கூடாது, முறுக்கும் இருக்கக் கூடாது. மேலுறை இல்லாத பின்னல் உரசும் இடத்தையெல்லாம் அரம் போல அறுக்கும். அங்கே ரப்பர் உறை போட்டுப் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள்.

இறுக்கும் அளவை வண்டியின் மேனுவலில் பாருங்கள். ஸ்டீல் போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். கிட்டில் வரும் அலுமினிய போல்ட்டுக்கு அதைவிடக் குறைவு, லைன் தயாரித்தவர் சொன்ன அளவே சரி. இந்த போல்ட் உள்ளே துளையிட்டது, குறுக்கேயும் ஓட்டை உண்டு. பலம் காட்டினால் அங்கேயே உடையும்.

காற்று எடுப்பது

லைன் இப்போது காலி. லிவரையே அடித்து நிரப்பப் பார்த்தால் நேரம் போகும். சிரிஞ்சில் புது ஆயில் எடுத்து, குழாயில் உள்ள காற்றைத் தள்ளிவிட்டு, காலிப்பர் நிப்பிளைத் திறந்து கீழிருந்து மெதுவாக ஏற்றுங்கள். காற்று மேலேறும் இயல்பு உள்ளது, அதன் போக்கிலேயே வெளியேறும். மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பா வழிகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும்.

பிறகு வழக்கமான முறை. குழாயின் மறுமுனை ஆயிலில் மூழ்கியிருக்க, லிவரை மூன்று நான்கு முறை அடித்துப் பிடியுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறந்து, மூடிய பிறகே லிவரை விடுங்கள். லிவரை முதலில் விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள், காற்று புகுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

அப்படியும் லிவர் கெட்டியாகவில்லையா? மேல் பேன்ஜோவில்தான் காற்று மாட்டியிருக்கும், லைனின் உச்சி அதுவே. துணி சுற்றி, லிவரை அழுத்திப் பிடித்தபடி மேல் போல்ட்டை லேசாகத் தளர்த்தி உடனே இறுக்குங்கள், பிறகு டார்க் ரெஞ்சால் சரியான அளவுக்கு. அடுத்து லிவரை அரை அங்குலத்துக்குள் சின்னச் சின்னதாகத் தட்டினால் மாஸ்டர் சிலிண்டர் துளை வழியாகக் குமிழிகள் எழும்பி வரும்.

ஓட்டும் முன்

ஆயிலை மேல் கோடுவரை நிரப்பி மூடியைப் போடுங்கள். லிவரை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் பிடித்திருங்கள். மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிகிறது. வாஷர்களைச் சுற்றி டிஷ்யூ தாளால் துடைத்துப் பாருங்கள், ஈரம் சிறிதும் இருக்கக் கூடாது. இருந்தால் இன்னும் இறுக்காமல் வாஷரை மாற்றுங்கள். ஆள் இல்லாத இடத்தில் நடைவேகத்தில் சில முறை பிடித்துப் பார்த்த பிறகே சாலைக்குப் போகலாம். மறுநாள் வண்டி எடுக்கும் முன் இரண்டு முனையையும் இன்னொரு முறை துடைத்துப் பாருங்கள்.