35 மில்லிமீட்டர் அகலப் படம் ஏன் 33 ஆக வருகிறது? வீட்டில் அச்சிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஜிட்டல் படத்துக்கு மில்லிமீட்டர் தெரியாது. அதனிடம் இருப்பது பிக்சல்களின் எண்ணிக்கை மட்டுமே. 1,200 பிக்சல் அகலமுள்ள ஒரே படத்தை 10 சென்டிமீட்டராகவும் அச்சிடலாம், ஒரு மீட்டராகவும் அச்சிடலாம். அது தாளுக்குப் போகும் வழியில்தான் அளவு முடிவாகிறது. அந்த வழியில் படம் திருத்தும் மென்பொருள், அச்சிடும்போது திறக்கும் அமைப்புப் பெட்டி, பிரிண்டரின் சொந்த மென்பொருள் என மூன்று இடங்களில் அளவு மாற வாய்ப்பு உண்டு. அளவு பிசகியதும் பலர் பிரிண்டரைக் குறை சொல்கிறார்கள். அது பெரும்பாலும் தனக்கு வந்த கட்டளையைத்தான் நிறைவேற்றியிருக்கும்.

முதல் தவறு, ‘ஃபிட் டு பேஜ்’ (பக்கத்துக்குள் அடக்கு) என்ற தேர்வை அப்படியே விட்டுவிடுவது. பல மென்பொருள்களில் அது நாம் கேட்காமலே தேர்வாகியிருக்கும். சாதாரண பிரிண்டர்களால் தாளின் விளிம்புவரை மை வைக்க முடியாது. சுற்றிலும் சில மில்லிமீட்டர் வெற்றிடம் தேவை. ஆகவே இந்தத் தேர்வு மொத்தப் பக்கத்தையும் அந்த எல்லைக்குள் அடங்கச் சுருக்கிவிடுகிறது. 210 மி.மீ. அகல ஏ4 பக்கத்தில் இருபுறமும் 5 மி.மீ. விட்டால் மிஞ்சுவது 200. பக்கம் முழுவதும் சுமார் 95 விழுக்காடாகச் சுருங்கும். 35 × 45 மி.மீ. புகைப்படம் 33 × 43 ஆகிவிடும். கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. விண்ணப்பத்தின் கட்டத்தில் ஒட்டும்போதோ, தையல் மாதிரியைத் துணிமேல் வைக்கும்போதோதான் தெரியும். ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது ‘100%’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிடிஎஃப் கோப்புகளில் ‘ஷ்ரிங்க் ஓவர்சைஸ்டு பேஜஸ்’ என்ற தேர்வும் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். அதையும் தவிருங்கள்.

தாளின் அளவைச் சரிபார்க்காமல் விடுவது இதற்கு நெருங்கிய உறவு. ஏ4 தாள் 210 × 297 மி.மீ.; அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் தாள் 215.9 × 279.4 மி.மீ. பிரிண்டருக்குள் இருப்பது ஏ4, அமைப்பில் இருப்பது லெட்டர் என்றால், ஏ4 பக்கத்தை லெட்டருக்குள் அடக்கும்போது அது 94 விழுக்காடாகிவிடும். மென்பொருளிலும் பிரிண்டர் அமைப்பிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மாற்றினால் மற்றதும் தானாக மாறும் என்று நம்பாதீர்கள்.

அடுத்தது டிபிஐ குழப்பம். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புள்ளிகள் என்று சொல்லும் எண்தான் டிபிஐ. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் இது புரிந்தால் மற்றவை எளிதாகிவிடும். ஓர் அங்குலம் என்பது துல்லியமாக 25.4 மி.மீ. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால், 35 மி.மீ. அகலத்துக்கு 35 ÷ 25.4 × 300, அதாவது 413 பிக்சல் வேண்டும். 45 மி.மீ. உயரத்துக்கு 531. அதே 413 × 531 பிக்சல் கோப்பில் 300க்குப் பதிலாக 72 என்று குறித்திருந்தால், ஒரு பிக்சல்கூட மாறாமலே படம் ஏறத்தாழ 146 × 187 மி.மீ. ஆக விரியும். கோப்பில் இருக்கும் அந்த எண் வெறும் குறிப்புதான். ஜேபெக், பிஎன்ஜி கோப்புகள் இரண்டிலும் அதற்கு இடம் உண்டு. சில மென்பொருள்கள் மதிக்கும், சில கண்டுகொள்ளாது. அதை மாற்றும்போது ‘ரீசாம்பிள்’ (பிக்சல்களைப் புதிதாகக் கணக்கிடு) என்ற தேர்வை நீக்கிவிட்டு மாற்றுங்கள். இல்லையென்றால் பிக்சல்களின் எண்ணிக்கையே மாறி, படம் மங்கலாம். பிரிண்டரின் பெட்டிமேல் எழுதியிருக்கும் 4800 × 1200 டிபிஐ வேறு விஷயம். அது மைத்துளிகளை எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியும் என்பதைச் சொல்கிறது. படத்தின் அளவைக் கணக்கிட அது உதவாது.

திரையில் ஸ்கேல் வைத்து அளப்பது இன்னொரு தவறு. திரையில் 100% என்று காட்டுவது பல மென்பொருள்களில் படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல் என்ற பொருளில்தான். திரைக்குத் திரை பிக்சலின் பருமன் வேறுபடும். தாளில் அளந்ததை மட்டுமே நம்புங்கள்.

படம் வந்த வழியையும் கவனியுங்கள். குறுஞ்செய்திச் செயலிகள் பெரிய படங்களைப் பெரும்பாலும் சுருக்கியே அனுப்புகின்றன. நீங்கள் கணக்கிட்டு வைத்த பிக்சல்களும், கோப்பில் இருந்த டிபிஐ குறிப்பும் போய்ச் சேராமல் போகலாம். படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

புகைப்படத் தாளில் விளிம்பில்லாமல் அச்சிடும் வசதி பார்க்க அழகாக இருக்கும், துல்லியத்துக்கு எதிரி. ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க, படத்தை வேண்டுமென்றே சற்றுப் பெரிதாக்கித் தாளுக்கு வெளியே வழியவிடுவார்கள். சரியான அளவு வேண்டுமென்றால் விளிம்போடு அச்சிட்டு வெட்டிக்கொள்வதே மேல்.

இவ்வளவு அமைப்புகளோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு என் பரிந்துரை இது: படத்தை வேர்ட் போன்ற சொற்செயலியில் செருகி, அளவுப் பெட்டியில் 35 மி.மீ., 45 மி.மீ. என்று எண்களைத் தட்டச்சு செய்யுங்கள். மூலையைப் பிடித்து இழுத்துக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். பக்கவாட்டுப் பிடியை இழுத்தால் முகமே நசுங்கிவிடும். படத்தின் விகிதம் 35க்கு 45 ஆக இல்லையென்றால் முதலில் வெட்டிச் சரிசெய்த பிறகே எண்ணைக் கொடுங்கள். பிறகு பிடிஎஃப் ஆகச் சேமித்து, அதை ‘ஆக்சுவல் சைஸ்’ தேர்வில் அச்சிட்டால் வேலை முடிந்தது.

நல்ல தாளை வீணாக்குவதற்கு முன் சாதாரணத் தாளில் ஒரு சோதனை அச்சு எடுக்காமல் விடுவதும் தவறுதான். 100 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தை அச்சிட்டு, அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கலாம் என்பதால் 10 மி.மீ. கோட்டிலிருந்து 110 வரை அளப்பது பாதுகாப்பானது. இரு திசையும் ஒரே அளவில் குறைந்திருந்தால், எங்கோ ஓர் அமைப்பு சுருக்கிக்கொண்டிருக்கிறது; அதைத் தேடிப் பிடியுங்கள். ஒரு திசையில் மட்டும் சிறு வேறுபாடு இருந்தால் காரணம் இயந்திரத்தில் இருக்கலாம். இங்க்ஜெட்டில் உருளை தாளை நகர்த்தும் தூரம் சற்றுப் பிசகும். லேசர் பிரிண்டரின் சூட்டில் தாளின் ஈரம் போய் அது லேசாகச் சுருங்கும். அமைப்பில் சரியான தாள் வகையைத் தேர்ந்தெடுத்து மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் 100க்கு 99.2 தான் வருகிறது என்றால், 100ஐ 99.2ஆல் வகுத்து வரும் 100.8 விழுக்காட்டை அந்தத் திசைக்கு மட்டும் கொடுங்கள். அச்சிடும் அமைப்புப் பெட்டி தசம எண்ணை ஏற்காவிட்டால் அந்தத் திருத்தத்தைப் படத்தின் அளவிலேயே செய்துவிட்டு, அச்சை 100 விழுக்காட்டிலேயே விடுங்கள். இரண்டு இடத்திலும் திருத்தினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சதுரம் இம்முறை பெரிதாக வரும்.