ஃபஷன் ஷோவுக்குப் பின்னால் நிற்கப் போகிறீர்களா? முதலில் ஊக்கு வாங்குங்கள்

கம்பஸில் ஃபஷன் ஷோ வருகிறது, மேடையில் நடக்க உங்களுக்கு விருப்பமில்லை, சும்மா இருக்கவும் மனமில்லை, அதனால் "நான் பின்னால நின்று உதவி செய்றன்" என்று வாய்விட்டுவிட்டீர்கள். சரி, மாட்டிக்கொண்டீர்கள். கதிரையில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது பாட்டும் வெளிச்சமும். உள்ளே நிற்கிற உங்களுக்கு ஒரே ஒரு கணக்குத்தான்: உள்ளே வந்த பிள்ளை அடுத்த உடுப்போடு வெளியே போக எத்தனை விநாடி இருக்கிறது?

அந்தக் கணக்கை ஒரு கிழமைக்கு முன்பே போட்டுவிடுங்கள். 12 மொடல்கள், 20 விநாடிக்கு ஒருவராக அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். முதலில் போனவர் மறுபடி போகவேண்டிய முறை 240 விநாடியில் வந்துவிடும். அவர் நடந்து திரும்பவே 45 விநாடி போய்விடும். மிச்சம் மூன்று நிமிடமும் கொஞ்சமும். ஒரு கவுனைக் கழற்றி இன்னொன்றைப் போட அது தாராளம், சாரி கட்ட, அதுவும் கண்டிப் பாணியில் ஒசரி கட்ட, போதவே போதாது. ஆகவே சாரிகளை முதல் சுற்றிலேயே அனுப்பிவிடுங்கள், ஏற்கெனவே கட்டிவிட்டு நிற்கலாம். அது சரிவராதென்றால் முதல்நாளே கொய்யகத்தை மடித்து ஒரு இடுப்புப் பட்டியில் தைத்துக் கொக்கி வைத்துவிடுங்கள், பாவாடை மாதிரிச் சுற்றிக்கொண்டு ஓடலாம். "அப்படித் தைத்தால் என்ர சாரியின்ர அழகு போய்விடும்" என்று வடிவமைத்தவர் மூஞ்சியைத் தூக்குவார். தூக்கட்டும். வரிசை போடுகிற வேலையை மட்டும் அவர்களிடம் விட்டுவிடாதீர்கள், எல்லோருக்கும் தன்னுடையதுதான் கடைசியாக வரவேண்டும்.

அப்புறம் சாமான். வெள்ளவத்தையில் 100 அல்லது 101 பஸ் ஏறினால் நேரே புறக்கோட்டை. பிரதான வீதியிலும் கெய்சர் வீதியிலும் சுற்றினால் சிப், கொக்கி, தெறி, இலாஸ்டிக், நூல் எல்லாம் அகப்படும். ஞாயிறும் போயாவும் போனால் பாதிக்கு மேல் பூட்டியிருக்கும், வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்துக்கும் நிறையக் கடை மூடுவார்கள், வெயிலில் நின்று காயாதீர்கள். ஊக்கு மூன்று அளவிலும் வாங்குங்கள், நினைத்ததைவிட இரண்டு மடங்கு வாங்குங்கள். இரட்டைப்பக்க டேப், மாஸ்கிங் டேப், சின்னக் கத்தரிக்கோல், பார்மசியில் ஒரு போத்தல் சர்ஜிக்கல் ஸ்பிரிட், பேபி பவுடர். கறுப்பு, வெள்ளை, தோல்நிறம் மூன்றிலும் நூலை ஊசியில் கோர்த்தே ஸ்பொஞ்சில் குத்தி வையுங்கள். அரை இருட்டில் கை நடுங்கும்போது ஊசிக்காது தெரியாது. ஒரு முறை ஒரு பிள்ளைக்குச் சிப் பல் விட்டுவிட்டது. வெளியே அவளுடைய பாட்டு தொடங்கிவிட்டது. நானும் இன்னொரு ஆளும் இரண்டு பக்கமும் நின்று முதுகைப் பெரிய பெரிய தையலாக இழுத்து மூடி அனுப்பினோம். திரும்பி வந்ததும் கத்தரிக்கோலால் வெட்டித்தான் அவளை வெளியே எடுத்தோம்.

உடுப்புத் தொங்கவிடுகிற கம்பிக்கு பிவிசி பைப் போடாதீர்கள், பத்து உடுப்பில் வாழைக்குலை மாதிரி வளையும். ஜிஐ பைப், அதாவது நாகம் பூசின இரும்புக் குழாய், போடுங்கள். ஒவ்வொரு மொடலுக்கும் தனி இடம், இடமிருந்து வலமாக அவர் போடப்போகிற வரிசையில். ஹேங்கரில் முழு உடுப்பையும் போட்டு எடுத்த ஒரு படம், தோடு வளையலெல்லாம் ஒரு சின்னப் பையில், கீழே சப்பாத்து. முக்கியமான விஷயம், எல்லாவற்றையும் திறந்த நிலையில் தொங்கவிடுங்கள். சிப் கீழே இறங்கியிருக்க வேண்டும், தெறி கழன்றிருக்க வேண்டும், சப்பாத்து வார் அவிழ்ந்திருக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் ஷோ நடக்கும்போது கத்துகிறவர்கள். இரவல் சப்பாத்து என்றால் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், கீறல் விழாது.

அயன் பற்றி ஒரு சொல். ஒரு 13 அம்பியர் பிளக் பொயின்ட் நம்முடைய 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3000 வாட்ஸ் தாங்கும். ஒரு ஸ்டீம் அயனே 2000 வாட்ஸுக்கு மேல் இழுக்கும். இரண்டை ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் குத்தினால் நல்லகாலம் இருந்தால் ட்ரிப் ஆகும், இல்லாவிட்டால் வயர் உருகும். பழைய மண்டபங்களில் வட்டக்கால் பொயின்ட்தான் இருக்கும், முதலே போய்ப் பாருங்கள். முடிந்தவரை எல்லாவற்றையும் வீட்டிலேயே அயன் பண்ணிக்கொண்டு வருவதுதான் புத்தி.

கொழும்பு வேர்வை உங்களுக்குத் தெரியும். மண்டபத்தில் ஏசி இருந்தாலும் பின்னறைக்கு அது வந்து சேராது. ஈரத்தோலில் டேப் நிற்காது, முதலில் ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, ஒட்டி, கொஞ்சநேரம் அழுத்திப் பிடியுங்கள். உடுப்பைத் தலைவழியாகப் போடும்போது முகத்தை ஒரு மெல்லிய சால்வையால் மூடிவிடுங்கள், வெள்ளைத்துணியில் லிப்ஸ்டிக் பட்டால் அன்றிரவு கதை முடிந்தது. சாப்பாட்டை உடுத்த முன்பே கொடுத்துவிடுங்கள். ரோல்ஸ் தின்ற கையோடு யாரையும் கம்பிப் பக்கம் விடாதீர்கள். தண்ணி மட்டும் ஸ்ட்ரோவில்.

இனிப் பாஷை. உங்கள் குழுவில் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் கலந்திருக்கும், அது நல்லதுதான், ஆனால் "போ" என்பதற்கு என்ன சொல்வது என்று முதலே பேசுங்கள். எங்கள் ஷோவில் ஹெட்செட்டில் "இன்ன" என்று சொன்னார்கள், சிங்களத்தில் நில் என்று அர்த்தம். ஸ்பீக்கர் அதிர்ந்த அதிர்ச்சியில் வாசலில் நின்றவருக்குக் கேட்டது "யன்ன", போ. பிள்ளை ஒரு காதில் தோடும் மறுகாதில் ஒன்றுமில்லாமலும் வெளியே போய்விட்டாள். பார்த்தவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டினார்கள், அது வேறு கதை. அதற்குப் பிறகு நாங்கள் வாயால் சொல்வதையே விட்டுவிட்டோம். வாசலில் நிற்பவர் தோளில் கை வைத்திருப்பார், கையை எடுத்தால் போகலாம். அவ்வளவுதான்.

இன்னொன்று, இதில் சமரசம் வேண்டாம். உடை மாற்றுகிற இடத்துக்குத் திரை வேண்டும், உள்ளே போன் வேண்டாம், "ஒரே ஒரு படம்" என்று வருகிற போட்டோகிராபர் உங்கள் நண்பராக இருந்தாலும் வெளியே. யாரைத் தொட்டு ஊக்குக் குத்துவதாக இருந்தாலும் கேட்டுவிட்டுக் குத்துங்கள்.

ஷோ முடிந்ததும் எல்லோரும் செல்ஃபி எடுக்க ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள், இரவல் நகை காணாமல் போவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். வாங்கும்போது எடுத்த படத்தை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டியில் போடுங்கள். வேர்வை ஊறின உடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டி இரவு முழுக்க வைக்காதீர்கள், இந்த ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும், காற்றாட விரித்துவிட்டுப் படுங்கள். கடைசியாக டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து தரையில் விழுந்த ஊக்கு, குண்டூசி எல்லாவற்றையும் பொறுக்குங்கள், நாளைக்குக் காலையில் அதே தரையில் சின்னப்பிள்ளைகள் வெறுங்காலோடு பரதம் பழக வருவார்கள்.