நாற்பது வயதில் எம்.எஸ்சி. இயற்பியலா? கணக்கைத் தூசி தட்டுங்கள்

பட்டம் வாங்கிப் பதினைந்து, இருபது வருடம் கழித்து எம்.எஸ்சி. இயற்பியல் படிக்க ஆசையா? தாராளமாகப் படிக்கலாம். ஐஐடிகளில் சேர எழுதும் ஜாம் தேர்வுக்கு வயது வரம்பே கிடையாது. 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். வழக்கமாக பிப்ரவரியில் நடக்கும்.

ஆனால் எடுத்த எடுப்பில் குவாண்டம் இயக்கவியலைத் திறக்காதீர்கள். இடைவெளியில் முதலில் கைவிட்டுப் போவது கணக்குதான். தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். அவற்றில் வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் மூன்றையும் பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள். வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். போடும்போதுதான் எங்கே கை நிற்கிறது என்று தெரியும். அந்த இடத்தைக் குறித்து வைத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி போடுங்கள். இந்தப் பழக்கம் ஒன்றை மட்டும் விடவே விடாதீர்கள்.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கலைச்சொற்கள் பழகிவிடும். அப்புறம், ஐஐடி பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் (NPTEL) பாடங்கள். காணொளிகள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். பழைய ஜாம் வினாத்தாள்களை அதற்குப் பிறகு எடுங்கள்.