கப்பலுக்கு முந்தின நாள் தேக்காவில்

சிங்கப்பூரில் கப்பல் ஏறப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் விமானத்தில் போய் இறங்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது. சென்னையிலிருந்து சுமார் நாலு மணி நேரப் பயணம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். ராத்திரி விமானம் பிடித்தால் காலையில் இறங்கிவிடலாம். அந்தப் பகல் முழுக்க ஊர் பார்க்க, மறுநாள் மதியம் கப்பலுக்கு. போன மே மாதம் முழங்கால் வலியுள்ள அம்மா, கணவர், பத்து வயது மகனோடு நான் இப்படித்தான் போனேன்.

தங்குவதற்குத் தேக்காவைப் பாருங்கள். லிட்டில் இந்தியாவை அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கோயிலும் சாப்பாடும் காலடியில் இருக்கும்; ஒரே ஸ்டேஷனில் எம்ஆர்டியின், அதாவது அங்குள்ள மெட்ரோ ரயிலின், இரண்டு பாதைகள் வரும். ஹோட்டலில் அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும் என்றாலும் பெட்டிகளைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கேட்டுப் பாருங்கள், பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றவே கூடாது.

கோயில்களை முதலில் முடித்துவிடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன். கும்பிட்டுவிட்டு அதே சாலையில் 1947 முதல் இருக்கிற கோமள விலாஸில் டிபன். பிறகு ஊதா நிறப் பாதையில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் சைனாடவுன். அங்கே சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில். 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் எழுப்பியது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். பெரிய வாசல் கதவு முழுக்கச் சின்னச் சின்ன மணிகள். அம்மா ஒன்றைத் தட்டிவிட்டு, அது அடங்கும்வரை கதவில் கைவைத்தபடியே நின்றாள். “இருநூறு வருஷமா இங்க வந்து கும்பிட்டிருக்காங்கடி” என்றாள். எங்களுக்கு அந்தப் பயணத்தில் மனசில் நின்றது அந்த ஐந்து நிமிஷம்தான். அவசரப்படாமல் பாருங்கள்.

நண்பகலுக்கு அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். ‘ஒரு நாள்தானே இருக்கு’ என்று மெர்லயன் சிலை, செந்தோசா தீவு, மிருகக்காட்சிசாலை எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். ராத்திரி விமானத்தில் தூங்காத உடம்பு, வெயில், வேர்வை. மறுநாள் கப்பலில் காய்ச்சலோடு படுத்தால் கட்டின பணம் வீண்.

சாயங்காலம் லிட்டில் இந்தியாவிலிருந்து நீலப் பாதையில் நாலாவது ஸ்டேஷன் பேஃப்ரண்ட். மாற வேண்டியதில்லை. அங்கிருந்து கார்டன்ஸ் பை த பே பூங்கா நடக்கிற தூரம். ஐம்பது மீட்டர் வரை உயரமான இரும்பு மரங்களுக்குக் கீழே இரவு 7.45க்கும் 8.45க்கும் ஒளியும் இசையுமாக ஒரு நிகழ்ச்சி, கட்டணம் இல்லை. முதல் காட்சிக்கே போங்கள். ஒரு துண்டை விரித்து மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும், எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். திரும்பும்போது தேக்காவில் இருக்கிற பெரிய முஸ்தபா கடை கூப்பிடும். கப்பல் சிங்கப்பூருக்கே திரும்புவதாக இருந்தால் வாங்குவதை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் அறையில் பெட்டி வைக்கவே இடம் போதாது.

இனி, மறுநாள். சிங்கப்பூரில் பயணிகள் கப்பல் துறை இரண்டு. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் மரினா பே குரூஸ் சென்டரில் நிற்கும். ஹார்பர்ஃப்ரண்டில் இருப்பதன் பெயர் சிங்கப்பூர் குரூஸ் சென்டர். நாங்கள் டாக்சியில் “குரூஸ் சென்டர்” என்று மட்டும் சொன்னோம், ஹார்பர்ஃப்ரண்டில் இறக்கிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. பெட்டிகளோடு இன்னொரு டாக்சி பிடித்துச் சரியான இடம் சேர்வதற்குள் அம்மா முகம் வெளுத்துவிட்டது. டிக்கெட்டில் உள்ள பெயரை முழுசாகக் காட்டுங்கள். மரினா பே குரூஸ் சென்டருக்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டி ஸ்டேஷனும் பக்கம்தான், ஆனால் பெட்டியும் வயசானவர்களும் இருந்தால் டாக்சிதான் சரி.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பார்க்க வேண்டியவை: விசா ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா? கப்பல் மலேசியாவின் பினாங்கோ தாய்லாந்தின் புக்கெட்டோ போய்த் திரும்பினால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டை, இறங்கும் நாளோடு முடியும் மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் இலவசம், யாருக்கும் பணம் கட்டாதீர்கள். கப்பலில் திரும்பி வரும்போது மறுபடியும் ஒன்று நிரப்ப வேண்டும். அயர்ன் பாக்ஸ், சின்ன ரைஸ் குக்கர் இரண்டையும் வீட்டிலேயே வையுங்கள். நெருப்பு பயத்தால் கப்பலில் விட மாட்டார்கள்.

துறையில் பெட்டிகளுக்குச் சீட்டு கட்டி வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சாயங்காலம், சில சமயம் ராத்திரி ஆகும். அதனால் பாஸ்போர்ட், மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். அம்மாவின் பிரஷர் மாத்திரை டப்பா பெரிய பெட்டிக்குள் இருந்தது. சீட்டு கட்டுவதற்கு முன் அங்கேயே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டேன்.