‘எல்லாருக்கும் செட் ஆகும்’ என்றால் நம்பாதீர்கள்: இ-சைக்கிள் ஃப்ரேம் அளவில் நடக்கும் தவறுகள்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மதுரைப் பக்கம் கீழக்குயில்குடியில் அய்யனார் கோயிலைத் தாண்டி, சமணர் மலை அடிவாரத்து மண்பாதையில் என் மின்சார மவுன்டன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு ஆட்டுக்கூட்டம். பிரேக்கைப் பிடித்து, சீட்டிலிருந்து முன்னால் இறங்கி இடது காலை ஊன்றினேன். ஊன்றியதாக நினைத்தேன். பாதை அந்தப் பக்கம் அரையடி சரிந்திருந்தது. கால் தரையைத் தொடுவதற்குள், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஓடும் பார் கம்பி என்னைத் தொட்டுவிட்டது. எங்கே என்று எழுதத் தேவையில்லை. 23 கிலோ வண்டியும் நானுமாகச் சீமைக்கருவேலம் புதரில் சாய்ந்தோம்.

ஆடு மேய்த்தவர் வந்து தூக்கிவிட்டார். வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஒங்களுக்கு இது ஒசரம்ணே” என்றார்.

அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்ததை நான் நாலு மாதம் ஓட்டியும் கண்டுபிடிக்கவில்லை. அதற்குக் காரணம் மோட்டார். சாதாரண சைக்கிளில் அளவு தப்பினால் ஒரே வாரத்தில் முழங்காலோ முதுகோ சொல்லிவிடும். இ-சைக்கிளில் பாதி வேலையை மோட்டார் செய்துவிடுவதால் உடம்பு புகார் சொல்ல ரொம்ப நாளாகும். “மோட்டார்தான் இழுக்குதே, அளவு என்ன பெரிய விஷயம்” என்று நினைப்பதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளுக்கெல்லாம் தாயும் அதுதான். பதிவு எண்ணும் லைசென்ஸும் தேவைப்படாத இ-சைக்கிள்களில் 250 வாட் வரைதான் மோட்டார், 25 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் உதவி நின்றுவிடும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் உங்கள் கால்தான். பேட்டரி தீர்ந்தாலும் உங்கள் கால்தான். அழகர்கோவிலில் இருந்து மதுரைக்கு 21 கி.மீ. அதில் முக்கால்வாசி தூரம் செத்த பேட்டரியோடு மிதித்து வந்த அன்று, என் வண்டி எனக்கு எவ்வளவு பெரியது என்பது முழங்காலுக்குத் தெரிந்தது. சரி, மூளைக்குத் தெரிய அந்த ஆட்டுக்கூட்டம் வேண்டியிருந்தது.

சக்கரத்தை அளந்துவிட்டு ஃப்ரேமை அளந்ததாக நினைப்பது

கடையில் போய் “என்ன சைஸ்?” என்று கேட்டால் “27.5 சார்” என்பார்கள். அல்லது 29. அது சக்கரத்தின் அளவு. உங்கள் உடம்புக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஒரே 29 இன்ச் சக்கரத்தோடு 15 இன்ச் ஃப்ரேமும் வரும், 21 இன்ச் ஃப்ரேமும் வரும்.

இந்தக் குழப்பம் நம் ஊரில் பழையது. அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிளில் 22 இன்ச், 24 இன்ச் என்று சொன்னது ஃப்ரேம் கணக்கு. இரண்டுக்கும் சக்கரம் 28 இன்ச்தான். பிறகு குண்டு டயர் சைக்கிள்கள் வந்தபோது 26 என்று சொன்னது சக்கரக் கணக்கு. இரண்டும் இன்ச்தான் என்பதால் எது எதைக் குறிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வாடகை சைக்கிள் கடையில் அரை வண்டி, முக்கால் வண்டி என்று ஆளைப் பார்த்துக் கொடுத்தவர்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள்.

27.5-இன் ரிம் 584 மி.மீ., 29-இன் ரிம் 622 மி.மீ. அதாவது சக்கரத்தின் மையம் 2 செ.மீ. அளவுக்கு உயர்கிறது, அவ்வளவுதான். குட்டையானவர்கள் 29 வாங்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை. ஆனால் பாரின் உயரத்தைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்க வேண்டியது மூன்று: ‘சீட் டியூப்’ நீளம் (சீட் பைப் இறங்கும் குழாய்; ஃப்ரேம் இத்தனை இன்ச் என்பது இதைத்தான்), பாரின் உயரம், ‘ரீச்’ (மிதி சுழலும் நடுமையத்திலிருந்து ஃப்ரேமின் முன்குழாய் உச்சி வரை, கிடைமட்டமாக முன்னால் போகும் தூரம்). கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் டேப்பை எடுத்து நீங்களே அளந்துகொள்ளலாம். ரீச்சை மட்டும் கம்பெனி அட்டவணையில் பார்க்க வேண்டியிருக்கும்.

உயரத்தை மட்டும் சொல்லி வாங்குவது

ஆன்லைனில் ‘5 அடி 4 முதல் 6 அடி வரை’ என்று போட்டிருப்பார்கள். எட்டு அங்குல வித்தியாசத்தை ஒரே ஃப்ரேம் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த மாடல் ஒரே அளவில்தான் தயாராகிறது என்று பொருள். இங்கே விற்கும் பல இ-சைக்கிள்களுக்கு இதுதான் நிலைமை.

ஒரே உயரம் கொண்ட இரண்டு பேருக்குக் கால் நீளம் ஒன்றாக இருப்பதில்லை. 170 செ.மீ. உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு உள்கால் நீளம் 76, இன்னொருவருக்கு 81 என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்குப்படி உள்கால் நீளத்தை, செ.மீ.யில், 0.225-ஆல் பெருக்கினால் மவுன்டன் சைக்கிளுக்கு வேண்டிய ஃப்ரேம் இன்ச்சில் வரும். முதலாமவருக்கு 17, அடுத்தவருக்கு 18. சீட் உயரத்துக்கு 0.883-ஆல் பெருக்க வேண்டும். மிதி அச்சு சுழலும் நடுமையத்திலிருந்து சீட்டின் மேல்விளிம்பு வரை. ஒருவருக்கு 67 செ.மீ., மற்றவருக்கு 71.5. நாலரை செ.மீ. வித்தியாசத்தை முழங்கால் சும்மா விடாது.

அளப்பது சுலபம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை, முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி, இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு அழுத்தமாக மேலே தூக்குங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரில் படும் இடத்தில் இன்னொருவர் பென்சிலால் கோடு போடட்டும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்கால் நீளம். தையல்காரர் பேன்ட்டுக்கு எடுத்த அளவைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பேன்ட்டின் கவட்டுத் தையல் உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும், கணுக்காலோடு முடிந்தும்விடும். அதனால் அது குறைவாகவே காட்டும். மதுரைப் புதுமண்டபத்தில் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிய காலத்தில், ஒரு டவுசருக்கு ஏழு இடத்தில் டேப் வைத்துப் பார்த்த ஊர் இது. நாற்பதாயிரம் ரூபாய் வண்டிக்கு ஒரு இடத்தில்கூட வைப்பதில்லை.

எனக்கு உள்கால் 74. வாங்கியது 19 இன்ச் ஃப்ரேம். கணக்குப்படி எனக்கு 16.5-இல் இருந்து 17. கடையில் தள்ளுபடியில் இருந்தது அந்த ஒன்றுதான். “எல்லாருக்கும் செட் ஆகும் சார்” என்றார்கள். என் வண்டியில் பாரின் உயரம் 75 செ.மீ. ஷூ போட்டால் என் கால் 76. தார்ச்சாலையில் ஒரு செ.மீ. இடைவெளியோடு நாலு மாதம் தப்பித்தேன். மண்பாதைக்குப் போகிறவருக்குக் குறைந்தது 5 செ.மீ. வேண்டும்; எடை கூடிய வண்டி என்றால் 7, 8 இருந்தால் நல்லது. சாதாரண சைக்கிள் சாய்ந்தால் ஒரு கையால் பிடித்துவிடலாம். 23 கிலோவில், அதிலும் பின்சக்கர மோட்டார் என்றால், சாய ஆரம்பித்த வண்டியை நிறுத்த இரண்டு காலும் தரையில் உறுதியாக இருந்தாக வேண்டும்.

சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலும் ஊன்றிப் பார்ப்பது

இது டிவிஎஸ் 50 ஓட்டிப் பழகியவர்களின் பழக்கம். சீட்டில் உட்கார்ந்து இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட்டால்தான் வண்டி நமக்குப் பொருந்தும் என்று முடிவுகட்டுவார்கள். மொபெட்டில் மிதிக்க வேண்டியதில்லை, அதனால் அங்கே அது சரி. சைக்கிளில் இந்தச் சோதனை ஆளைச் சின்ன ஃப்ரேமுக்குத் தள்ளும், அல்லது சீட்டை அடிமட்டத்துக்கு இறக்க வைக்கும்.

சீட் சரியான உயரத்தில் இருந்தால், உட்கார்ந்த நிலையில் விரல் நுனிதான் தரையைத் தொடும். நிற்க வேண்டுமென்றால் சீட்டிலிருந்து முன்னால் இறங்கிப் பாருக்கு மேலே நிற்க வேண்டும். பாரின் உயரம் முக்கியமாவது இங்கேதான். சீட் உயரம் சரியா என்று பார்க்க, குதிகாலை மிதியில் வைத்து அதை அடியில் கொண்டுவாருங்கள். கால் நேராக நீள வேண்டும், ஆனால் இடுப்பு ஒரு பக்கமாகச் சரியக் கூடாது. பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு மிஞ்சும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் சீட் உயரம்.

சின்ன ஃப்ரேமை வாங்கிவிட்டு சீட் பைப்பை ஏற்றி ஏற்றிச் சரிக்கட்டுகிறவர்களும் உண்டு. பைப்பில் ஒரு கோடு இருக்கும். அது வெளியே தெரிகிற அளவுக்கு இழுக்கக் கூடாது. இழுத்தால் உங்கள் எடை முழுதும் ஃப்ரேமின் வாய்ப்பகுதியில் நெம்புகோல் போடும். ஒருநாள் குழியில் இறங்கும்போது பைப்போ ஃப்ரேமோ விட்டுக்கொடுக்கும்.

கால் சரியானால் அடுத்து கை. எல்லாக் கம்பெனியும் எஸ், எம், எல் என்றுதான் போடுகிறார்கள். ஒருவரின் எம்மில் ரீச் 420 மி.மீ. இருக்கலாம், இன்னொருவரின் எம்மில் 455. புதிய வடிவமைப்புகளில் சீட் டியூப் குட்டையாகவும் ரீச் நீளமாகவும் இருக்கும். அவற்றில் மேலே சொன்ன 0.225 கணக்கு ஆரம்பப் புள்ளி மட்டுமே. ரீச் அதிகமானால் கை நீண்டு, தோளும் கீழ்முதுகும் இழுக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். குறைந்தால் வேறொரு தொல்லை: ஏற்றத்தில் எடை பின்னால் போய், பின்சக்கர மோட்டாரும் அங்கேயே உட்கார்ந்திருப்பதால், முன்சக்கரம் லேசாகித் தடுமாறும். சிறுமலை ஏற்றத்தின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இது எத்தனையாவது வளைவில் தெரியும் என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் நிற்கிறவர்கள், மண்பாதையும் கல்லும்தான் அதிகம் என்றால் சின்னதை எடுக்கலாம். சின்னதைக் கொஞ்சம் பெரிதாக்க வழி உண்டு, பெரிய ஃப்ரேமின் பாரை இறக்க வழியே இல்லை. கைநீளமான ஆளாக இருந்தால் மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.

“வளர்ற பையன், கொஞ்சம் பெருசா எடு”

ஜூன் மாதம் யூனிஃபார்ம் எடுக்கும்போது சொல்கிற வசனம். யூனிஃபார்மை மடித்துத் தைக்கலாம். நம்மில் பலர் அப்பாவின் சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் கற்றுக்கொண்டோம், விழுந்து எழுந்து முட்டியில் தழும்போடு. அந்த நினைப்பில் பதின்மூன்று வயதுப் பையனுக்கு பெரிய ஃப்ரேம் இ-சைக்கிள் வாங்கித் தருவது வேறு விஷயம். அவன் எடையில் பாதிக்கும் மேல் வண்டியின் எடை இருக்கும், த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) வேறு கையில்.

ஓட்டிப் பார்க்கும்போது கடை வாசலில் ஸ்டாண்டு போட்டு உட்காருவதோடு நிறுத்தாதீர்கள். லைசென்ஸுக்கு 8 போட்டது நினைவிருக்கிறதா? அதையே போடுங்கள், மெதுவாக, த்ராட்டிலைத் தொடாமல். திருப்பும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தால் ஃப்ரேம் சின்னது. வெளிப்பக்கக் கையை எட்டிப் பிடிக்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தால் பெரியது. பிறகு ஏதாவது ஒரு பாலத்து ஏற்றத்தில் நடுவில் நிறுத்தி, பாருக்கு மேலே நின்று, மோட்டாரை அணைத்துவிட்டுக் கிளம்பிப் பாருங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றினால் கை நீட்டம் ஒன்று, இரண்டு செ.மீ. குறையும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ரீச் அதிகம் என்று சீட்டை முன்னால் தள்ளுவது கையைக் காப்பாற்றி முழங்காலைக் கெடுக்கிற வேலை. நான் இரண்டையும் செய்து பார்த்தேன். பார் அதே 75-இல்தான் நின்றது.

கடைசியில் வண்டியை மேலூரில் இருக்கும் என் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் 178 செ.மீ.; கால் மட்டும் தனியாக நீளம். சீட்டை ஏற்றி, நாலு ரோடு சுற்றிவிட்டு வந்து கச்சிதம் என்றார். போன வாரம் போனில் பேசும்போது, மகன் ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கிறானாம், அவனும் அதைத்தான் எடுத்துக்கொண்டு சுற்றுகிறானாம். கால் எட்டுமா என்று கேட்டேன். “வளர்ற பையன்தானே மாப்ள” என்கிறார்.